நாளைக்கு நூறு வண்டி

கலிஃபோர்னியாவின் கிழக்கோரத்தில் இன்யோ என்றொரு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஆனால் ஊர்ப்புறச் சாலை, சிறு பாலம், அவற்றுக்கான பணம் என்று நம் மாவட்டங்களுக்கு இல்லாத பல பொறுப்புகள் அதன் தலையில் விழுகின்றன. அமெரிக்காவின் பொதுச்சாலைகளில் 45 விழுக்காடு அளவுக்குக் கவுண்டிகளின் வசம்தான் உள்ளது. இன்யோவின் பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 19,016. சதுர கிலோமீட்டருக்கு ஒரு முழு ஆள்கூட இல்லை. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான விட்னியும், வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த நிலமான டெத் வேலியும் இதன் எல்லைக்குள்ளேயே கிடக்கின்றன. நிலத்தில் தனியார் கையில் இருப்பது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றதெல்லாம் அரசுகளுக்குச் சொந்தம். கூடவே, 1913 முதல் இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுபோகும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கும் கணிசமான பங்கு உண்டு. வரி விதிக்க நிலம் இல்லாத, வரி கொடுக்க ஆள் இல்லாத இந்தக் கவுண்டி, குறைந்தது இருபது ஆண்டுகளை முன்னோக்கும் போக்குவரத்துத் திட்டம் ஒன்றை எழுதிச் சில ஆண்டுகளுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். இன்யோவைப் போன்ற கவுண்டிகள் அந்த நாட்டில் நூற்றுக்கணக்கில் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் அந்தத் திட்டம் எந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள். வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, இருபது ஆண்டு கழித்து இந்தச் சாலையில் எத்தனை வண்டி ஓடும் என்பது. அது நகரத்துக்கு ஏற்ற கேள்வி. ஆள் அரிதான நாட்டுப்புறத்தில் முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சாலை அறுந்தால் என்ன ஆகும், இதைக் கட்டிக் காக்கும் செலவை யார் தாங்குவார் என்பதைத்தான்.

வண்டியை எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் வரம்பும் புரியும். 1950-களில் டெட்ராய்ட்டிலும் பிறகு சிகாகோவிலும் டக்ளஸ் கேரல் என்பவர் தலைமையில் பெரிய போக்குவரத்து ஆய்வுகள் நடந்தன. வீடு வீடாகப் போய், நேற்று எங்கே போனீர்கள், எதில் போனீர்கள் என்று கேட்டார்கள். கிடைத்த விடைகளைக் கொண்டு நகரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் எத்தனை பயணம் கிளம்பும், அவை எங்கே போய்ச் சேரும், எந்த வாகனத்தில் போகும், எந்தச் சாலையைப் பிடிக்கும் என்று கணக்கிடும் முறையை உருவாக்கினார்கள். அன்றைய கணிப்பொறிகளுக்கு அது பெரிய வேலை. 1962-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகள் இப்படியான தொடர்ந்த திட்டமிடல் இல்லாமல் நெடுஞ்சாலைப் பணம் பெற முடியாது என்றது. ஐம்பதாயிரத்துக்குக் கீழே இருந்தவர்களை அந்தச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. 1991-இல் வந்த சட்டம் மாநிலம் முழுமைக்கும் திட்டமிடச் சொன்னது. நாட்டுப்புறத்துக்கான வட்டாரத் திட்ட அமைப்புகளை மத்தியச் சட்டம் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது 2012-இல்தான், அதுவும் கட்டாயமாக இல்லை. ஆக, கிராமப்புறக் கவுண்டிகள் திட்டம் எழுத உட்கார்ந்தபோது அவர்கள் கைக்குக் கிடைத்தது நகரத்தில் அரை நூற்றாண்டு ஓடித் தேய்ந்த கருவி. அதையே எடுத்துக்கொண்டார்கள். வேறு எதை எடுப்பார்கள்?

அந்தக் கருவி நகரத்தில் ஓரளவு வேலை செய்வதற்குக் காரணம் மனிதர்களின் ஒழுங்கு கிடையாது, எண்ணிக்கையின் பலம். தனித்தனியே முடிவெடுக்கும் பத்து லட்சம் பேரின் பயணங்களைக் கூட்டினால், தற்செயலான ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில், அதாவது ஆயிரம் அளவில்தான் இருக்கும். மொத்தத்தில் அது பத்தில் ஒரு விழுக்காடு. நூறு பேர் மட்டுமே பயன்படுத்தும் சாலையில் அதே கணக்கு பத்து விழுக்காட்டைத் தொடும். இது நல்ல நிலைமையில். உண்மையில் நாட்டுப்புறத்தில் அந்த நூறு பேர் தனித்தனியே முடிவெடுப்பவர்களாக இருப்பதில்லை. ஒரே சுரங்கத்தில், ஒரே மரஅறுவை ஆலையில், ஒரே சிறைச்சாலையில் வேலை பார்ப்பவர்களாக இருக்கிறார்கள். ஆலை மூடினால் நூறு பேரும் ஒரே மாதத்தில் சாலையைவிட்டு மறைவார்கள். சராசரியின் பாதுகாப்பு அங்கே கிடைக்காது. ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடு வளர்ச்சி என்று ஒரு கோட்டை இழுத்து, இருபதாம் ஆண்டில் அது தொடும் புள்ளியைப் பார்த்துச் சாலையின் அகலத்தை முடிவு செய்வது, புள்ளியியல் அனுமதிக்காத துணிச்சல்.

இதற்கு வடக்கு டகோட்டா மாநிலத்தின் மெக்கென்சி கவுண்டியைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம். 1980-இல் அங்கே ஏழாயிரத்துச் சொச்சம் பேர். 2000-இல் 5,737 பேர். கோதுமை, மாடு, வெளியேறும் இளைஞர்கள். 2005 வாக்கில் யாராவது அங்கே இருபதாண்டு முன்னறிவிப்பு எழுதியிருந்தால், மக்கள்தொகைக் கோட்டைக் கீழ்நோக்கி இழுத்திருப்பார்கள். அதில் குற்றமும் சொல்ல முடியாது. அதற்குள், பாக்கன் என்னும் பாறை அடுக்கிலிருந்து கிடைமட்டத் துளையிடலாலும் நீரழுத்தப் பிளப்பாலும் எண்ணெய் எடுக்கும் முறை கைவந்துவிட்டது. 2020-இல் மெக்கென்சியின் மக்கள்தொகை 14,704. அந்தப் பத்தாண்டில் விழுக்காட்டுக் கணக்கில் அமெரிக்காவிலேயே வேகமாக வளர்ந்த கவுண்டி அதுதான். மாநிலத்தின் உற்பத்தி 2014 இறுதியில் நாளொன்றுக்கு 12 லட்சம் பீப்பாயைத் தாண்டியது. உடனே 2014-15-இல் எண்ணெய் விலை சரிந்தது. 2012-இல் இருநூறுக்கும் மேல் நின்ற துளையிடும் கோபுரங்கள் 2016-இல் முப்பதுக்கும் கீழே இறங்கின. ஏறியதையும் எந்த வளர்ச்சி விகிதமும் சொல்லவில்லை, இறங்கியதையும் சொல்லவில்லை. சாலையோ இரண்டையும் தாங்க வேண்டியிருந்தது. ஒரு கிணற்றைத் தோண்டி, பிளந்து, எண்ணெய் வரச் செய்வதற்குள் தண்ணீர், மணல், குழாய், கழிவுநீர் என்று ஏறக்குறைய இரண்டாயிரம் லாரி நடைகள் போய்வந்தாக வேண்டும். விவசாயி கோதுமையை ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றிப் போன சாலைகளில் இது நடந்தது.

லாரி என்று தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்கருகே, ஒரு பெரிய சாலைப் பரிசோதனை நடந்தது. வெவ்வேறு தடிமனில் போட்ட சாலைத் துண்டுகளின் மேல், ராணுவ ஓட்டுநர்கள் எடை ஏற்றிய லாரிகளை இரண்டாண்டு காலம் இரவும் பகலுமாகச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் பளுக்கள் அந்தச் சாலைகளைக் கடந்தன. அதிலிருந்து கிடைத்த விதி, இன்றும் உலகம் முழுக்கச் சாலைப் பொறியாளர்களின் அடிப்படைப் பாடம்: ஓர் அச்சு சாலைக்குச் செய்யும் சேதம் அதன் எடையின் நான்காம் அடுக்கை ஒட்டி உயர்கிறது. ஒரு காரின் அச்சு ஏறத்தாழ 900 கிலோ. பாரம் ஏற்றிய லாரியின் அச்சு 8,200 கிலோ. எடையில் ஒன்பது மடங்கு. சேதத்தில் ஒன்பதின் நான்காம் அடுக்கு, அதாவது 6,500 மடங்குக்கு மேல். ஒரே வகை மண்ணில், ஒரே தட்பவெப்பத்தில் எடுத்த முடிவு அது, அடுக்கு எல்லா இடத்திலும் சரியாக நான்காக இருக்காது என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். சரி. மூன்று என்று வைத்துக்கொண்டாலும் எழுநூறு மடங்குக்கு மேல் வருகிறது; வாதம் மாறாது. நாளொன்றுக்கு நூறு வண்டி என்ற எண் நூறு கார்களைக் குறிக்கிறதா, எண்பது காரையும் இருபது தண்ணீர் லாரியையும் குறிக்கிறதா என்பதில்தான் அந்தச் சாலையின் ஆயுள் இருக்கிறது. பருவம் வேறு சேர்ந்துகொள்கிறது. டகோட்டாவின் குளிர்காலத்தில் உறைந்த மண் கான்கிரீட்டைப் போல எடை தாங்கும். வசந்தத்தில் உருகல் மேலிருந்து கீழாக நடக்கும். மேல் அடுக்கு சேறாகிவிட, அதற்கடியில் இன்னும் உருகாத பனி தண்ணீரை வடியவிடாமல் பிடித்துவைத்திருக்கும். அந்தச் சில வாரங்களில் ஓடும் ஒரு கனரக லாரி, மற்ற மாதங்களில் ஓடும் பல லாரிகளின் வேலையைச் செய்துவிடும். அதனால்தான் வடமாநிலங்கள் ஆண்டுதோறும் அப்போது எடைக் கட்டுப்பாடு விதிக்கின்றன. ஆண்டுச் சராசரிப் போக்குவரத்து என்ற ஒற்றை எண்ணில் இவை எதுவும் தெரியாது.

எண்ணிக்கை மறைக்கும் இன்னொன்று, சாலைகளின் வலைப்பின்னலில் ஒவ்வோர் இழையும் வகிக்கும் இடம். நகரத்தில் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெரு. கலிஃபோர்னியாவின் ஆல்பைன் கவுண்டியில் 2020-இல் 1,204 பேர். மாநிலத்தில் மிகக் குறைந்த மக்கள் உள்ள கவுண்டி அது. அதன் மேற்கிலுள்ள பேர் வேலி என்ற பனிச்சறுக்கு ஊருக்கும் கிழக்கிலுள்ள தலைநகரான மார்க்லீவில்லுக்கும் நடுவே எபெட்ஸ் கணவாய். குளிர்காலத்தில் பனி மூடினால் கணவாய்ச் சாலையை அடைத்துவிடுகிறார்கள். அப்போது ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் போக வேண்டுமானால், சொந்தக் கவுண்டியைவிட்டு வெளியேறி மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். எண்ணிக்கைப்படி அந்தக் கணவாய்ச் சாலை பட்டியலின் அடியில் கிடக்கும். இன்யோவிலும் இதே கதைதான். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் டெத் வேலியில் ஒரே நாளில் 56 மில்லிமீட்டர் மழையைக் கொட்டியது. அங்கே ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே ஏறக்குறைய அவ்வளவுதான். உறிஞ்ச மண் இல்லாத பாறைச் சரிவுகளிலிருந்து இறங்கிய வெள்ளம் சாலைகளின் ஓரத்தை அரித்து, தாரை அந்தரத்தில் தொங்கவிட்டுப் போனது. தேசியப் பூங்காவை மறுபடி திறக்க அக்டோபர் நடுப்பகுதி ஆயிற்று. முந்தைய ஆண்டு ஆகஸ்டிலும் ஒரு வெள்ளம் வந்து சுமார் ஆயிரம் பேரை அங்கே சிக்கவைத்திருந்தது. இருபதாண்டு முன்னறிவிப்பில் இந்தச் சாலைகளுக்கு நெரிசல் என்ற சிக்கலே கிடையாது. ஆகவே, நெரிசலை அளக்கும் திட்டத்தின் கண்ணுக்கு அவற்றில் குறையே தெரியாது.

அன்றாட எண்ணிக்கை எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்குப் பாரடைஸ் ஊர் கொடுத்த விலை பெரிது. வட கலிஃபோர்னியாவின் பியூட் கவுண்டியில் மலைமுகட்டின் மேல் அமைந்த ஊர். 2018-இல் ஏறக்குறைய 26,000 பேர். கீழே இறங்க நான்கு சாலைகள், அவற்றில் பெரியது ஸ்கைவே. கடைத்தெருவை ஒட்டிய பகுதியில் பாதசாரிகளின் பாதுகாப்புக்காக ஸ்கைவேயின் தடங்களைச் சில ஆண்டுகளுக்கு முன்தான் குறைத்திருந்தார்கள். சாதாரண நாளின் போக்குவரத்தை வைத்துப் பார்த்தால் அது பிழையான முடிவு இல்லை. 2018 நவம்பர் 8 காலை காட்டுத்தீ வந்தபோது ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் கிளம்பியது. எல்லாம் ஒழுங்காக இருந்தால்கூட ஒரு தடம் மணிக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வண்டிகளுக்கு மேல் கடத்தாது. புகையிலும் பீதியிலும் அதில் ஒரு பகுதிகூடத் தேறாது. எதிர்த்தடத்தையும் கீழிறங்கும் வண்டிகளுக்கே திறந்துவிட்டும் போதவில்லை. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். சாவுகளுக்கெல்லாம் சாலையே காரணம் என்று சொல்வது அநியாயம். பலர் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை, முதியவர்கள், நடமாட முடியாதவர்கள். ஆனாலும் வெளியேறும் வழி என்ற கேள்வியை ஒரு சாலைத் திட்டம் எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

இதற்கெல்லாம் பணம் எப்படிப் பிரிகிறது என்பதில்தான் உண்மையான அரசியல் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1997-இல் வந்த சட்டம், மாநிலப் போக்குவரத்து மேம்பாட்டு நிதியில் முக்கால் பங்கை வட்டாரங்களின் முடிவுக்கு விட்டது. அதில் ஒவ்வொரு கவுண்டியின் பங்கையும் முக்கால் பாகம் மக்கள்தொகையை வைத்தும் கால் பாகம் நெடுஞ்சாலை நீளத்தை வைத்தும் கணக்கிடுகிறார்கள். அந்தக் கால் பாகம் இல்லாவிட்டால் இன்யோ போன்றவை பட்டினிதான். அது இருந்தும், நான்கு தடச் சாலை ஒன்றைத் தனியாகப் போட வேண்டுமானால் ஒரு சிறிய கவுண்டி தன் பங்கைப் பல பத்தாண்டுகள் சேர்த்துவைக்க வேண்டும். இன்யோவின் முதுகெலும்பு 395-ஆம் எண் நெடுஞ்சாலை. அதில் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதி இன்யோக்காரர்களுடையது கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து கிளம்பி, கெர்ன் கவுண்டியைக் கடந்து, இன்யோவை நீளவாக்கில் தாண்டி, மோனோ கவுண்டியிலுள்ள மாமத் மலையில் பனிச்சறுக்கப் போகிறவர்கள். நடுவே இரண்டு தடம் மட்டும் உள்ள நீட்டங்களில், முன்னால் ஊரும் வீட்டு வண்டியை முந்தப்போய் எதிரே வருகிறவர் மேல் மோதுவது வழக்கமான விபத்து. சாலை இன்யோவில், பயணி வேறு கவுண்டியில், பயணத்தின் பயன் இன்னொரு கவுண்டியில். 1990-களின் இறுதியில் இன்யோ, மோனோ, கெர்ன் மூன்றும் தத்தம் பங்குகளை ஒன்றாகப் போட்டு, யார் எல்லைக்குள் இருந்தாலும் வரிசைப்படி இந்த வழித்தடத்தை நான்கு தடமாக்குவது என்று ஒப்பந்தம் செய்தன. தன் எல்லைக்கு வெளியே தன் பணத்தைச் செலவழிக்க ஒரு கவுண்டி நிர்வாகம் கையெழுத்துப் போடுவது அரிய காட்சி. அந்த வழித்தடத்தில் எஞ்சியிருந்த ஒலாஞ்சா–கார்ட்டகோ பகுதி, ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், 2020-களில்தான் கட்டுமானத்துக்கு வந்தது. இருபதாண்டுத் திட்டம் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்குமானால் அது இங்கேதான்: வண்டிகளைக் கணிப்பதில் இல்லை, பல தேர்தல்களைத் தாண்டி ஒரு வாக்கைக் காப்பாற்றுவதில்.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. முதலில் பெரிய சாலையைப் போடுங்கள், வளர்ச்சி தானாக வரும். வண்டி வராத இடத்தில் வண்டியை எண்ணிக்கொண்டிருந்தால் எப்போது வளர்வது என்று கேட்பார்கள். அப்பலாச்சிய மலைப்பகுதிகளுக்கு 1965 முதல் மத்திய அரசு தனி நெடுஞ்சாலை வலையே போட்டது இந்த நம்பிக்கையில்தான். சாலை பயன் தராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் யாருக்குத் தருகிறது என்று பார்க்க வேண்டும். அமிதாப் சந்திராவும் எரிக் தாம்ப்சனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, நகரங்களை இணைக்கப் போட்ட மாநிலங்களிடை நெடுஞ்சாலைகள் தற்செயலாகக் கடந்து சென்ற நாட்டுப்புறக் கவுண்டிகளைப் பார்த்தது. இந்தத் தேர்வில் ஒரு சாமர்த்தியம் உண்டு: வளர்ந்துகொண்டிருந்ததால் சாலை வந்ததா, சாலை வந்ததால் வளர்ந்ததா என்ற குழப்பத்தை அது பெரிதும் நீக்குகிறது. சாலை நேராகக் கடந்த கவுண்டிகளில் வருமானம் கூடியது. பக்கத்துக் கவுண்டிகளில் குறைந்தது. அதாவது, கடையும் கிடங்கும் பெட்ரோல் நிலையமும் பெரும்பாலும் புதிதாக முளைக்கவில்லை, இடம் பெயர்ந்தன. ஒரு கவுண்டி தனக்கு மட்டும் திட்டம் எழுதினால் இது வெற்றியாகத் தெரியும். வட்டாரமாக உட்கார்ந்து எழுதினால் கூட்டலும் கழித்தலும் ஒரே தாளில் வரும். இன்யோ, மோனோ, கெர்ன் ஒப்பந்தத்தைப் போன்றவற்றின் மதிப்பு இதிலும் இருக்கிறது.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு; நகரத்தில் வரி கட்டுகிறவரின் மறுப்பு. பத்தொன்பதாயிரம் பேருக்கு எதற்கு இவ்வளவு? அங்கே வாழ்வது அவர்கள் விருப்பம், செலவும் அவர்களுடையதாக இருக்கட்டும். 395-இல் ஓடுபவர்கள் யார் என்று மேலே பார்த்ததே இதற்குப் பாதி விடை. மீதிப் பாதி சாவுக் கணக்கில் இருக்கிறது. அமெரிக்க மக்களில் ஐந்தில் ஒருவர்தான் நாட்டுப்புறத்தில் வாழ்கிறார். சாலை விபத்துச் சாவுகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு நாட்டுப்புறச் சாலைகளில் நிகழ்கின்றன. வேகம், நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலை, ஆம்புலன்ஸ் வந்துசேர ஆகும் நேரம். இறப்பவர்களில் கடந்து போகும் நகரவாசிகளும் உண்டு. பேருந்து விஷயத்தில் மறுப்பு இன்னும் கூர்மையாக வரும், காலி இருக்கைகள் கண்ணுக்குத் தெரிவதால். இன்யோ, மோனோ கவுண்டிகளுக்கான பொதுப் போக்குவரத்து அமைப்பு லோன் பைன் என்ற சிற்றூரிலிருந்து நெவாடாவின் ரீனோ நகரம் வரை 400 கிலோமீட்டருக்கும் மேல் பேருந்து விடுகிறது. மணிக்கு எத்தனை பயணிகள் ஏறினார்கள் என்ற நகர அளவுகோலில் அந்தப் பேருந்து தேறாது. ஆனால் அதில் ஏறுகிறவர், கார் ஓட்டும் கண்பார்வையை இழந்த முதியவர். ரீனோவில் சிறப்பு மருத்துவரிடம் நேரம் வாங்கியவர். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரம் மூன்று முறை, ஆண்டுக்கு நூற்றைம்பது முறைக்கு மேல் போய்வர வேண்டும். அவரை ஏற்றிப்போக வண்டி இல்லையென்றால் அவர் ஊரைவிட்டுப் போக வேண்டும், அல்லது ஆம்புலன்ஸில் போக வேண்டும். இரண்டுக்கும் செலவு உண்டு. அது வேறு துறையின் கணக்கில் விழுவதால் போக்குவரத்துத் திட்டத்தில் தெரிவதில்லை, அவ்வளவே.

இருந்தாலும் நகரத்துக்காரர் சொல்வதில் ஒரு பங்கை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எல்லாச் சாலையையும் இப்போதிருக்கும் தரத்திலேயே என்றென்றைக்கும் வைத்திருக்கப் பணம் கிடையாது. பெட்ரோல் விலை மலிந்து கிராமங்களில் ஆள் நிறைந்திருந்த காலத்தில் தார் போட்ட பல சாலைகள் இன்று ஒரு நாளைக்குச் சில பத்து வண்டிகளையே பார்க்கின்றன. தார்ச்சாலையின் சீர்கேடு நேர்கோட்டில் போவதில்லை. முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டு மெதுவாக, பிறகு விரிசல் வழியே தண்ணீர் இறங்கியதும் சரசரவென்று. ஆரம்பத்தில் மேற்பூச்சு பூசிக் காப்பாற்றுவது மலிவு; சிதைந்த பின் அடியோடு பெயர்த்துப் போடுவது அதைப் போலப் பல மடங்கு. பணம் குறைந்த கவுண்டி மோசமான சாலையை முதலில் செப்பனிட ஓடும், ஏனென்றால் புகார் அங்கிருந்துதான் வரும். அதற்குள் நல்ல சாலைகள் ஒவ்வொன்றாகச் சரிவின் விளிம்பைத் தாண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியேறச் சில கவுண்டிகள் செய்தது, தாரைப் பெயர்த்துவிட்டுச் சரளைச் சாலையாக மாற்றியது. 2016-இல் வெளியான ஒரு தேசிய ஆய்வுத் தொகுப்பு, குறைந்தது 27 மாநிலங்களில் இது நடந்திருப்பதைக் காட்டியது.

சரளை என்றதும் பின்னடைவு என்று முகம் சுளிக்கத் தோன்றும். சரியாகப் பராமரித்த சரளைச் சாலை மட்டமானது கிடையாது. பராமரிக்கும் விதம்தான் வேறு. நடுவில் மேடாகவும் இரு ஓரமும் நூற்றுக்கு நான்கு என்ற அளவில் சரிவாகவும் இருந்தால் மழைநீர் நிற்காது. கல்லும் மணலும் களியும் சரியான விகிதத்தில் கலந்திருந்தால் இறுகிப் பிடிக்கும். களி குறைந்தால் தூளாகப் பறக்கும், கூடினால் மழையில் வழுக்கும். ஓட்டுகிறவர்களின் எலும்பைக் குலுக்கும் குறுக்கு வரிகள் தனிக் கதை. 2007-இல் இயற்பியலாளர்கள் மூவர், சுழலும் மணல் தட்டின் மேல் ஒரு சக்கரத்தை உருட்டி இதை ஆராய்ந்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் மட்டமாகவே கிடந்தது. அதைத் தாண்டியதும் வரிகள் எழுந்தன. வண்டியின் ஸ்பிரிங்குகளைக் குற்றம் சொல்லவும் வழியில்லை, ஸ்பிரிங் இல்லாத சக்கரத்துக்கும் வரி விழுந்தது. அந்த எல்லை வேகம் யாரும் பொறுமையோடு ஓட்டக்கூடியதைவிடக் குறைவு. ஆகவே தடுப்பு என்று ஒன்றும் இல்லை, கிரேடர் எந்திரம் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து மேல் அடுக்கைச் சுரண்டிப் பரப்ப வேண்டும். இது சிறிய, தொடர்ந்த செலவு. தார் என்பது பெரிய, விட்டுவிட்டு வரும் செலவு. சிறிய கவுண்டியின் கஜானாவுக்கு எது ஏற்றது என்பதை வண்டியின் எண்ணிக்கையும் அச்சின் எடையும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன எண்ணெய் லாரிகள் ஓடும் சாலையில் சரளை சில வாரம் தாங்காது. மூன்று பண்ணைவீடுகளுக்குப் போகும் சாலைக்கு அது தாராளம்.

இப்போது கடைசி மறுப்பு. முன்னறிவிப்பை நம்ப முடியாது என்றால் இருபதாண்டுத் திட்டம் எதற்கு? உடைந்ததை ஒட்டிக்கொண்டு ஆண்டுக்காண்டு போகலாமே? போக முடியாது, ஏனென்றால் பொருள்களின் ஆயுள் நீளம். இன்று கட்டும் பாலம் எழுபத்தைந்து ஆண்டு நிற்பதற்காகக் கட்டப்படுவது. ஒரு புறவழிக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு, நிலம், நிதி எல்லாம் கூடிவரப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகிறது. கணிக்க முடியாத எதிர்காலத்துக்கும் நீண்ட ஆயுள் கொண்ட பொருளுக்கும் நடுவே செய்யக்கூடியது, முடிவை ஒரு தேதியோடு கட்டாமல் ஒரு அடையாளத்தோடு கட்டுவது. மெக்கென்சியில் மக்கள்தொகைக் கோடு எதையும் சொல்லவில்லை என்றாலும், துளையிடும் அனுமதிகள் லாரிகளுக்கு முன்பே வந்துவிடுகின்றன. வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் கவுண்டிச் சாலைகளின் தேவையைக் கணக்கிட்டபோது கிணறுகளிலிருந்தும் அறுவடையிலிருந்தும்தான் தொடங்கியது. எங்கே கிணறு, அங்கிருந்து லாரி எந்தச் சாலையைப் பிடிக்கும், அந்தச் சாலையின் தடிமன் எவ்வளவு. இன்ன பகுதியில் இத்தனை அனுமதிகள் வந்தால் இந்தச் சாலையைத் தடிப்பாக்குவது, செலவில் நிறுவனங்களின் பங்கு இவ்வளவு, அனுமதி குறைந்தால் நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அதே போல: இந்தச் சாலையில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிக்குக் கீழே ஐந்தாண்டு தொடர்ந்து இருந்தால் அடுத்த முறை தார் போடுவதில்லை. இந்த மதகு இரண்டாவது முறை அடித்துச் செல்லப்பட்டால் பழைய அளவில் மறுபடி கட்டுவதில்லை. இந்த ஊருக்கு ஒரே வழிதான் என்றால், அதில் ஒரு வண்டிகூடக் கூடாவிட்டாலும் இரண்டாவது வழிக்கான நிலத்தை இப்போதே ஒதுக்குவது.

இப்படி ஒரு திட்டத்தை எழுதுவதில் கணக்குப் பெரிய தடையாக இருக்காது. சில ஆயிரம் பேர் வாழும் கவுண்டியின் சாலைகளை ஒரு மேசைக் கணிப்பொறியில் இழை இழையாக வெட்டிப் பார்த்து, எதை வெட்டினால் யார் துண்டிக்கப்படுகிறார் என்று ஒரு பிற்பகலில் கண்டுபிடித்துவிடலாம். தடை, எந்தச் சாலையைக் கைவிடுகிறோம் என்று பெயர் சொல்லி எழுதுவதில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெரும்பாலான கவுண்டிகளை ஆள்வது நான்காண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் ஐந்து உறுப்பினர்கள். இருபதாண்டுத் திட்டம் ஐந்து தேர்தல்களைக் கடந்தாக வேண்டும். வளர்ச்சிக்கோடு ஒன்றைத் திட்டத்தில் வரைந்துவைத்தால் யார் மனமும் புண்படாது. சரளையாகப் போகும் சாலைகளின் பட்டியலை வைத்தால் கூட்ட அறை நிரம்பிவிடும். நிரம்பட்டும். ஒவ்வொரு சாலைக்கும் எதிரே அதன் ஆண்டுப் பராமரிப்புச் செலவு, அதை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளின் எண்ணிக்கை, மாற்றுவழியின் தூரம் மூன்றையும் அச்சிட்டுக் கொடுத்தால், அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பண்ணைக்காரர்களுக்கு அதைப் படிக்கத் தெரியும்.